கூரையைப் பிரிச்சா தரை சரியாகுமா?

"பி.காம் படிக்கிற உனக்கு ஏன்டி இந்த வேலை?" என்று கேட்க நினைப்பவர்கள் இப்பவே கேட்டுடுங்க. இந்தப் பதிவு இடுப்புக்குக் கீழே இருக்கிற ஒரு தசையைப் பற்றி. சங்கடமா இருந்தா அடுத்த பதிவுக்கு வாங்க, கோவிச்சுக்க மாட்டேன். ஆனா வீட்டில் அம்மாவோ அப்பத்தாவோ இருந்தா படிச்சுட்டே போங்க.

எங்க திருவரங்குளம் பக்கம் "அடி இறங்கிடுச்சு" என்று ஒரு பேச்சு உண்டு. ஆம்பளைங்க காதில் விழாது. பாதிக் குரலில், அடுப்படியில்தான் சொல்வாங்க. டாக்டர் பாஷையில் கர்ப்பப்பை இறக்கம். அது வந்த பொம்பளை பஸ்ஸில் தூரம் போக மாட்டா, கல்யாணத்தில் ஓரமா உட்காருவா, தும்மல் வந்தா காலை இறுக்கிக்குவா. கேட்டா "வயசானா இதெல்லாம் சகஜம்"னு முடிச்சுடுவா. வயசாம்! பலருக்கு நாற்பதுகூட ஆகியிருக்காது.

இடுப்பெலும்புக்கூடு அடி இல்லாத வாளி மாதிரி. முன்னால் இருக்கிற பூப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை ஒரு தசை தூளி மாதிரி கட்டியிருக்கு. பேர் லெவேட்டர் ஏனை. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணும் அந்தத் தூளியை நம்பித்தான் இருக்கு. அதில் ஒரு பகுதி மலக்குடலைப் பின்பக்கமா சுற்றி முன்னால் இழுத்து ஒரு வளைவு போடும். அந்த வளைவு இருக்கிறதாலதான் நாம வகுப்பில் அடக்கிக்கிட்டு உட்கார முடியுது (சிரிக்காதீங்க, காஸ்ட் அக்கவுண்டன்சி மூணு மணி நேரம்). அதுக்கும் கீழே ஆசனவாயில் ரெண்டு வளையத் தசை. உள்வளையம் நம்மைக் கேட்காமலே இறுகி நிற்கும். வெளிவளையம் நாம சொன்னா இறுகும்.

பல நூற்றாண்டா இதையெல்லாம் பெரும்பாலும் பிணத்தை அறுத்துத்தான் பார்த்து எழுதினாங்க. ஆனா உயிரோட இருக்கும்போது இந்தத் தூளி எப்பவும் கொஞ்சம் இறுக்கமாவே இருக்கும். செத்ததும் தளர்ந்துடும். தளர்ந்ததை வெச்சுக்கிட்டு இறுக்கத்தை எப்படிப் படம் போடறது? எம்.ஆர்.ஐ. வந்த பிறகுதான் கதிர்வீச்சு இல்லாம, கத்தி இல்லாம, உயிருள்ள பெண்ணின் தூளியை அப்படியே பார்க்க முடிஞ்சது. முக்கச் சொல்லி, உறுப்புகள் எவ்வளவு இறங்குதுன்னு சென்டிமீட்டர் கணக்கில் அளக்கவும் முடியுது.

அப்படிப் பார்த்தப்ப என்ன தெரிஞ்சது? 2003-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிலான்சி குழுவினர் குழந்தை பெறாத 80 பேரையும், முதல் குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்ற 160 பேரையும் எம்.ஆர்.ஐ. எடுத்தாங்க. முதல் கூட்டத்தில் ஒருத்தருக்குக்கூட அந்தத் தசையில் பழுது இல்லை. இரண்டாவது கூட்டத்தில் 32 பேருக்கு, அதாவது 20 சதவீதம் பேருக்கு, இருந்தது. அதுக்குப் பத்து வருஷம் முன்னாலேயே, 1993-ல் லண்டனில் சுல்தான் என்ற டாக்டரின் குழு, முதல் பிரசவம் ஆனவர்களில் 35 சதவீதம் பேருக்கு வளையத் தசையில் பழுது இருப்பதை அல்ட்ராசவுண்டில் காட்டியிருந்தது. பலருக்கு வெளியே எந்த அறிகுறியும் இல்லை.

இப்ப சொல்லுங்க, "நார்மல் டெலிவரி"ன்னா என்ன? யாருக்கு நார்மல்? குழந்தை எடை பார்த்தாச்சு, தையல் போட்டாச்சு, தாயும் சேயும் நலம். "தும்மினா ஒண்ணுக்கு வருதாம்மா?"ன்னு ஆறு மாசம் கழிச்சு ஒருத்தராவது கேட்கிறாங்களா? நாங்க கணக்குப் புத்தகத்தில் மேசை நாற்காலிக்கே வருஷா வருஷம் தேய்மானம் எழுதுறோம்!

உடனே எல்லாரும் சிசேரியனுக்குக் கிளம்பிடாதீங்க, நான் சொல்றது அது இல்லை. ஆயுதம் போட்டு எடுத்த பிரசவம், ரொம்ப நேரம் முக்கின பிரசவம், பெரிய குழந்தை இதெல்லாம் ஆபத்தைக் கூட்டும். அதோட கனம் தூக்கறது. 1991-ல் அறிவொளி இயக்கம் வந்து நம்ம மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கத்துக்கிட்டதைப் பெருமையா பேசுறோம், பேசணும். ஆனா அந்த சைக்கிள் வர்றதுக்கு முன்னாலயும் பின்னாலயும் குடத்தையும் விறகையும் கல்லையும் சுமந்தது யாரு?

சரி, வைத்தியம்னு போனா முதல்ல காதில் விழறது "எடுத்துட்டா நிம்மதி". எனக்குக் கோபம் வர்ற இடம் இதுதான். பழுதானது தரை. கர்ப்பப்பை அதுமேல உட்கார்ந்திருந்த பாவம். அதை மட்டும் எடுத்துட்டு தூளியைக் கவனிக்காம விட்டா, பிறப்புறுப்பின் மேல்பகுதியே பிறகு இறங்கி வரலாம். முற்றின இறக்கத்துக்கு எடுத்து, கூடவே தாங்குதசையையும் இழுத்துக் கட்டுற அறுவை சிகிச்சை இருக்கு, அது வேண்டியவங்களுக்கு வேண்டியதுதான். ஆனா உடற்பயிற்சியோ, உள்ளே வைக்கிற ரிங் பெசரியோ எதையும் காட்டாம நேரா கத்திக்குப் போறது என்ன நியாயம்? தேவையில்லாம கர்ப்பப்பை எடுப்பதைத் தடுக்கும் வழிமுறைகளை மாநிலங்கள் மூணு மாசத்தில் ஏற்கணும்னு 2023-ல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட வேண்டி வந்தது.

"எல்லாருக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க அரசாங்கத்துக்குக் கட்டுமா?" வேண்டாங்க. படம் எடுத்துத் தெரிஞ்சுக்கிட்ட பாடம் போதும். இதுக்கான பயிற்சியை கீகெல் என்ற அமெரிக்க டாக்டர் 1948-லேயே எழுதிட்டார். பிரான்சில் பிரசவத்துக்குப் பிறகு இந்தத் தசைக்கான பயிற்சிக்கு அரசுக் காப்பீடே பணம் தருது. இங்கே பிரசவ உதவியா 18,000 ரூபாய் தர்ற திட்டத்துக்கு, 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பேர்தான் வெச்சிருக்கு. 2021-ல் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வர்றார். பணமும் இருக்கு, ஆளும் இருக்கு. பிள்ளை பெத்தவகிட்ட ஒரு கேள்வி, பத்து நிமிஷப் பயிற்சி. இதைச் சேர்க்க என்ன தடை, வெட்கத்தைத் தவிர?

பி.கு.: பயிற்சி கேட்டவங்களுக்கு: சபையில் காற்றை அடக்குற மாதிரி அடியை உள்ளே மேலே இழுங்க, சில நொடி பிடிங்க, முழுசா விடுங்க. மூச்சைப் பிடிக்காதீங்க. மூத்திரம் போகும்போது பாதியில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீங்க. ஏற்கெனவே வலியோ இறக்கமோ இருந்தா முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க.