புத்தி சொன்னது போதும், கதை கொடுங்க!

நம்ம கூக்கால் பிள்ளைகளுக்குப் புத்தகம் தர வருகிறவர்கள் கொண்டுவருவது 'நம்பினால் நோய் தீரும்' வகையும் தன்னம்பிக்கைக் கவிதையும்தான்.

சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருக்கிற மலையில், 'மருந்து வேண்டாம், நம்பு' என்று அச்சடித்துக் கொடுப்பது உயிரோடு விளையாட்டு.

கவிதையோ, மேடையில் ஒப்பிக்கத்தான் உதவுகிறது.

ஏரி, சோலைக்காடு, காட்டுமாடு என்று வளர்கிற பிள்ளைக்குச் சாகசக் கதை கொடுங்கள். வாண்டுமாமா (1925–2014) வாழ்நாளெல்லாம் அதைத்தானே எழுதினார்! 1972-ல் வந்த முத்து காமிக்ஸை எழுத்துக்கூட்டிப் படித்தே சரளமாக வாசிக்கப் பழகியவர்கள் எத்தனை பேர்!

சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி கட்டுகிறோம். நூலகத்திலும் இதையே கேளுங்கள்.

வாங்கும் முன் ஒரு பக்கத்தைப் பிள்ளையிடம் கொடுங்கள். அடுத்த பக்கத்தை அதுவாகப் புரட்டினால் வாங்குங்கள்.