மேற்குச் சுவரும் காகிதப் பூவும்

நமது மதுரையிலே பூ என்றால் மல்லிகைதான். 2013ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்ட அந்த மலருக்கு முன்னால், மணமற்ற காகிதப் பூவை யார் மதிக்கிறார்கள்? கூந்தலில் சூடுவாரில்லை, பூஜைக்கு எடுப்பாரும் அரியர். ஆயினும், பிற்பகல் முழுவதும் வெயில் காயும் மேற்குச் சுவர் ஒன்று வீட்டில் இருக்குமானால், அதற்கு இக்கொடியே மிகவும் ஏற்றது என்பது எனது அபிப்பிராயம்.

காரணம் ஜலந்தான். சித்திரை, வைகாசியில் ஒரு குடம் ஜலத்துக்குத் தெருக்குழாயடியில் காத்து நிற்கும் வீட்டில், தினந்தோறும் நீர் கேட்கும் செடியை வளர்ப்பது நியாயமாகாது. காகிதப் பூவுக்கு முதல் வருஷம் தவறாமல் நீர் வார்த்தால் போதும். நன்கு வேரூன்றிய பின் வறட்சியைத் தாங்கிக்கொள்ளும். அது மட்டுமன்று, மண் சற்றுக் காய்ந்தால்தான் நிறையப் பூக்கும். ஓயாமல் நீரும் எருவும் பெற்ற கொடி இலையாய்த் தழைக்குமேயன்றிப் பூவாது.

இவ்வளவு நமக்கு இசைந்த கொடி, பிறப்பால் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. 1767இல் பிரேஸில் நாட்டு ரியோ டி ஜெனீரோவில் இதைச் சேகரித்தவர் கொமெர்சோன் என்ற பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி. அவரது கப்பல் தலைவரான பூகேன்வில் பெயராலேயே இது போகன்வில்லா ஆயிற்று. பெண்களுக்குக் கப்பலில் இடமில்லாத அக்காலத்தில், ஆண் வேஷத்தில் கொமெர்சோனுக்கு உதவியாய்ச் சென்ற ழான் பாரே என்ற மாது, பிற்பாடு உலகைச் சுற்றிவந்த முதற் பெண்மணி என்று பெயர் பெற்றார்.

நாம் இதழ் என்று எண்ணுபவை உண்மையில் நிறம் பெற்ற இலைகளே. அவை மூன்றின் நடுவே சின்னஞ்சிறு குழல்போல் நிற்பதுதான் பூ. பூ வாடிய பின்னும் வர்ணம் பல நாள் நீடிப்பது இதனாலேதான்.

ஆடியில் பென்சில் கனமுள்ள முற்றிய குச்சியைத் தொட்டியில் ஊன்றி வேர்விடச் செய்து, பின்னர் நிலத்தில் நடலாம். சுவரிலிருந்து ஒன்றரை அடியாவது தள்ளி நடுக. சுவரோரத்தில் உதிர்ந்த சுண்ணாம்பு இதற்கு ஆகாது. முல்லையைப்போல் இது தானாகச் சுற்றி ஏறாது. பற்றும் சுருளும் இல்லை. முதலில் சுவரில் கம்பிகள் கட்டிவிட்டு, வளர வளரத் தண்டைக் கயிற்றால் தளர்த்தியாய்க் கட்டவேண்டும். புதுக்கிளையில்தான் பூக்கும், ஆகவே ஒவ்வொரு பூப்பும் ஓய்ந்ததும் நீண்ட கிளைகளைக் கத்தரித்துவிடுக. முள் கொடியாதலால் வாயிற்படிக்கும் குழந்தைகள் ஓடும் வழிக்கும் எட்ட இருக்கட்டும்.

இரண்டே வருஷத்தில் அந்தச் சுவர் நிழல் பெறும். உள்ளறையின் உஷ்ணமும் தணியும். தாய்மார் சுமக்கும் குடங்களில் ஒன்றிரண்டு மிஞ்சுமாயின், மணமில்லாத குறையை நாம் மன்னித்துவிடலாம்.