வேடப் பெட்டிக்கும் ஓர் இடம்

ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் இவ்வாரம் எமக்குக் கிடைத்தது. ஒரு கூடமும் ஓர் அறையுமே கொண்ட வீடு. அதில் கணவன், மனைவி, மாமியார், பத்து வயது மகள், ஐந்து வயது மகன் என ஐவர் வாழ்கின்றனர். மகள் புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகின்றாள். மகனோ தாயின் சேலையைச் சுற்றிக்கொண்டு ஆசிரியையாகின்றான். பாட்டியின் கைத்தடியை வேலாக ஏந்தி முருகனாகின்றான். கதிரைகளை வரிசையாக நிறுத்தி யாழ்தேவியை ஓட்டுகின்றான். "வீடு எந்நேரமும் சந்தை மாதிரிக் கிடக்கிறது. போன கிழமை இவருக்குக் கோபம் வந்து எல்லாவற்றையும் அள்ளி வெளியே போட்டுவிட்டார். ஆம்பிளைப் பிள்ளை சேலை கட்டுவதா என்று மாமியும் பேசுகிறா. பிள்ளை இரண்டு நாளாய் ஒருவரோடும் கதைக்கவில்லை. நான் யார் பக்கம் நிற்பது?" என்று அந்த அம்மையார் கேட்கின்றார்.

வழக்கை ஆராய்ந்து பார்ப்பின் எவரிடமும் பெருங்குற்றம் இருப்பதாகத் தோன்றவில்லை. வேலை முடிந்து களைத்து வருபவர் கால் வைக்க இடம் தேடுவது இயற்கை. படிக்கும் மகளுக்கு மேசை வேண்டும். அந்த வீட்டில் அரிசிக்கு ஓர் இடமுண்டு. சுவாமி படங்களுக்கு ஓர் இடமுண்டு. புத்தகங்களுக்கும் உடுப்புகளுக்கும் இடமுண்டு. சிறுவனுடைய வேடங்களுக்கு மட்டுமே இடமில்லை. இடமில்லாத பொருள் எங்கும் கிடக்கும். எங்கும் கிடக்கும் பொருள் ஒருநாள் வெளியே எறியப்படும். ஆகவே இங்கே தீர்க்க வேண்டியது இடத்தைப் பற்றிய சிக்கலேயன்றி விளையாட்டைப் பற்றியதன்று.

பாட்டியாரின் மனக்குறையை முதலில் எடுத்துக்கொள்வோம். ஆண்பிள்ளை சேலை கட்டுவதை நாணத்தக்க செயலாக எண்ணுவோர், தாம் வாழும் ஜிந்துப்பிட்டியின் பழைய பெருமையைச் சற்று நினைத்தல் நன்று. தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த நாடகக் கம்பெனிகள் பல மேடையேறிய இடம் இது. பம்பாயிலிருந்து பாலிவாலாவின் எல்பின்ஸ்டன் நாடகக் குழு 1882 ஆம் ஆண்டு கொழும்புக்கு வந்த பின்னர், ஆட்டமும் பாட்டும் மின்னும் உடையும் கலந்த மேடைக்கு இந்நகரமே மயங்கிற்று. 1911 இல் மருதானையில் டவர் மண்டபம் எழுந்தது. 1913 இல் கலையரசு சொர்ணலிங்கமும் நண்பர்களும் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபையை நிறுவினர். அக்கால மேடைகளில் பெண்வேடம் பூண்டோர் பெரும்பாலும் ஆடவரே. சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களே அரசனாகவும் அரசியாகவும் நடித்தனர். பிற்காலத்தில் அவ்வை சண்முகம் எனப் புகழ்பெற்ற டி. கே. சண்முகம் அச்சபையிற் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறு. சேலை கட்டியதனால் இவர்களுள் யாருக்கும் குறை வந்துவிடவில்லை.

இன்னொன்றும் நாம் அந்த நாடகக்காரரிடம் கற்கலாம். ஊரூராகப் பெட்டிகளுடன் திரிந்த அவர்கள், எந்த உடை எந்தப் பெட்டியில் உள்ளதென அறிந்திருந்தனர். காட்சி மாறுவதற்குள் கிரீடம் கைக்கு எட்டாவிடில் அரசன் மேடைக்கு வர முடியாதன்றோ? வேடத்துக்கும் ஒழுங்குக்கும் பகையில்லை. ஒழுங்கு இருந்தமையாலேயே வேடம் நடந்தது.

ஆயினும் பால சபைச் சிறுவனுக்கும் நம் வீட்டுச் சிறுவனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அவனுக்கு வேடம் தொழில். பிறர் எழுதியதைப் பிறருக்காக நடித்தான். வீட்டுப் பிள்ளைக்கோ கதையும் தன்னுடையது, பேச்சும் தன்னுடையது. இக்காலத்து முன்பள்ளிகளில் நடைபெறும் விநோத உடைப் போட்டியும் அந்தப் பழைய தொழிலையே ஒத்தது. பெற்றோர் வாடகைக்கு எடுத்த உடையை அணிந்து, மனனஞ் செய்த நான்கு வரிகளைச் சொல்லிவிட்டு, வியர்வையோடு இறங்கி வருகின்றது குழந்தை. அதனை நாம் குறைகூறவில்லை. ஆனால் அது விளையாட்டு ஆகாது. வீட்டு மூலையில், எவரும் பாராதபோது நடப்பதே விளையாட்டு.

நம் முன்னோர் இதன் அருமையை அறிந்திருந்தனர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பன. சிறுமியர் மணலில் கட்டிய வீட்டைச் சிதைப்பதும், சிறிய பறை முழக்குவதும், சிறிய தேர் உருட்டுவதும் குழந்தை வளர்ச்சியின் படிகளாகவே பாடப்பெற்றன. இன்று மணல் இல்லை, முற்றமும் இல்லை. ஆடிவேல் விழாவில் செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்படுவதைக் கண்ட குழந்தை, மறுநாள் சப்பாத்துப் பெட்டியில் நூல் கட்டி இழுக்கின்றது. இதுவும் சிறுதேரே.

பரீட்சையை எண்ணி அஞ்சும் தந்தையார்க்கு ஒரு செய்தி கூறுவோம். விகோற்ஸ்கி என்னும் ரஷ்ய உளவியலறிஞர் 1933 இல் ஆற்றிய விரிவுரையொன்றில், கோலைக் குதிரையாக்கி ஓடும் குழந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டார். கண்முன் இருப்பது கோல். மனத்தில் இருப்பது குதிரை. ஒரு பொருளை இன்னொன்றாகக் கொள்ளும் இவ்வாற்றலே பின்னர் எழுத்தை ஒலியாகவும் இலக்கத்தை அளவாகவும் கொள்ள உதவுகின்றது. அவர் வழிவந்தோர் வேறொன்றும் கண்டனர்: சும்மா அசையாமல் நில் என்றால் நில்லாத குழந்தை, நீ காவற்காரன் என்று சொன்னால் நெடுநேரம் நிற்கின்றது. வேடம் புனையும் பிள்ளை அடக்கத்தையும் பழகுகின்றான். பிற்காலத்துப் படிப்புக்கு இதனினும் நல்ல அடித்தளம் யாது?

அச்சத்தையும் துயரையும் குழந்தை செரித்துக்கொள்வதும் விளையாட்டினாலேயே. ஊசி போடப்பட்ட பிள்ளை வீட்டுக்கு வந்ததும் பொம்மைக்கு ஊசி போடுகின்றது. மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கப்பெற்ற வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போரினால் நொந்த தமிழ், முஸ்லிம் குழந்தைகளுக்குக் கதையையும் வண்ணத்தையும் நடிப்பையுமே மருந்தாகக் கொடுத்தது. ஐக்கிய நாடுகளின் 1989 ஆம் ஆண்டுச் சிறுவர் உரிமைச் சமவாயமும் தன் 31 ஆம் உறுப்புரையில் விளையாட்டை உரிமையாகக் கூறுகின்றது. இலங்கை அதனை 1991 இல் ஏற்றுக்கொண்டது.

இனி, இடத்துக்கு வருவோம். மூன்றடி அகலமுள்ள ஒரு மூலை போதும். 1907 இல் ரோம் நகரில், ஏழைத் தொழிலாளர் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் திறந்த மரியா மொண்டிசோரி அம்மையார், குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்ந்த திறந்த தட்டுகளையே அங்கு வைத்தார். 1944 இல் அவர் இலங்கைக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியும் அளித்தார். பாவனை விளையாட்டைவிட மெய்யான வேலையையே அவர் பெரிதும் விரும்பினார் என்பது உண்மை. அவருடைய தட்டை நாம் எடுத்துக்கொண்டு, அதில் என்ன செய்வதென்பதைக் குழந்தையிடம் விட்டுவிடுவோம். தானே எடுக்கவும் தானே வைக்கவும் கூடிய உயரமே இங்கு முதல் விதி. பெரியவரைக் கூப்பிட்டு எடுக்க வேண்டிய பெட்டி பெரியவருடையதே.

நான்கைந்து வயதுப் பிள்ளையின் உயரம் ஏறத்தாழ மூன்றேகால் அடி முதல் மூன்றரை அடி வரை இருக்கும். ஆதலால் தலைக்குச் சற்று மேலாக, தரையிலிருந்து மூன்றேமுக்கால் அடி உயரத்தில் ஒரு பலகையைச் சுவரிற் பொருத்தி, அதில் உருண்டைத் தலையுள்ள மரமுளைகள் நான்கைந்து அடித்தல் நன்று. கூரிய இரும்புக் கொளுக்கி கண்ணுக்குக் கேடு. துணிகள் இம்முளைகளில் தொங்கும். கீழே, தொப்பிக்கும் சிறு சாமான்களுக்கும் யாழ்ப்பாணத்துப் பனையோலைப் பெட்டிகள் இரண்டு மூன்று போதும். அவை இலேசானவை, காற்றோட்டமுள்ளவை, மேலே விழுந்தாலும் நோகாதவை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு படத்தை ஒட்டிவிட்டால், எழுத்தறியாப் பிள்ளையும் எது எங்கே என்று அறிந்துகொள்ளும். சுவரும் இல்லையெனின், கட்டிலின் கீழே ஒரு தாழ்ந்த மரப்பெட்டி போதும். அதன் நான்கு மூலைகளிலும் சிறு சில்லுகளைப் பொருத்துவதற்கு மொறட்டுவைத் தச்சர் வேண்டுவதில்லை. தெருக்கோடித் தச்சரே செய்து தருவார். இரவில் அது கட்டிலின் கீழ் மறைந்துவிடும். தந்தையாருக்குக் கால் வைக்க இடமும் கிடைக்கும்.

முன்னாளில் தேயிலை ஏற்றுமதியான ஒட்டுப்பலகைப் பெட்டிகள், வேலை முடிந்தபின் பல வீடுகளில் மேசையாகவும் அலுமாரியாகவும் உழைத்தன. தேயிலை கடதாசிச் சாக்குகளுக்கு மாறிய பின் அவை அருகிவிட்டன. இன்று அவ்விடத்தைக் கடையில் வாங்கும் பெரிய கடதாசி அட்டைப் பெட்டி பிடித்துக்கொள்ளலாம். அதுவே வீடும் கடையும் கப்பலுமாகும்; நைந்தபின் எறிவதற்கும் மனம் நோகாது. வீட்டிலுள்ள வாங்கும் கதிரைகளும் பகலில் விளையாட்டுக்கு உதவட்டும். கொடியில் ஒரு பழஞ்சேலையைப் போட்டால் திரை. அதை இழுத்துவிட்டால் ஒரு பக்கம் அக்காளின் படிப்பறை, மறுபக்கம் தம்பியின் அரங்கம்.

சில எச்சரிக்கைகள் இன்றியமையாதன. பழைய றங்குப்பெட்டியை இதற்குக் கொடுப்பதாயின் மூடியைக் கழற்றிவிட வேண்டும். பாரமான மூடி பிள்ளையின் கழுத்தில் விழக்கூடும். ஒளிந்து விளையாடும் பிள்ளை உள்ளே அகப்பட்டு மூச்சுத் திணறவும் கூடும். கைவிடப்பட்ட குளிரூட்டிகளுள் குழந்தைகள் அகப்பட்டு இறந்தமையால், உள்ளிருந்து தள்ளினாலும் கதவு திறக்க வேண்டும் என்று அமெரிக்கா 1956 இல் சட்டமே செய்தது. உயரமான அலுமாரியையும் இழுப்பறைப் பெட்டியையும் சுவரோடு பிணைத்துவிடுக. இழுப்பறையைப் படியாக்கி ஏறுதல் பிள்ளைகளின் வழக்கம். 2016 இல் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் 2 கோடியே 90 இலட்சம் இழுப்பறைப் பெட்டிகளை மீளப் பெற அறிவித்தது; அவை சரிந்து விழுந்து குழந்தைகள் மாண்டமையே காரணம். நிலைக்கண்ணாடியைச் சாய்த்து வையாமல் சுவரில் இறுகப் பொருத்துக.

கொழும்பின் ஈரக்காற்றில் மூடிக்கிடக்கும் துணி பூஞ்சணம் பிடிக்கும். வாரத்தில் ஒருநாள் வெயிலில் உலர்த்தி, உலர்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்தாற் போதும். நப்தலீன் உருண்டைகளைப் பிள்ளையின் பெட்டியில் ஒருபோதும் போடற்க. அவை இனிப்புப் போலத் தோன்றும், விழுங்கினால் நஞ்சு. பிறவியிலேயே இரத்தத்தில் ஒருவகை நொதியக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அவை செங்குருதிக் கலங்களைச் சிதைத்துப் பெருந்தீங்கு விளைக்கும். கழுத்தில் முடியும் நாடாவும் நீண்ட மாலையும் வேண்டா. விளக்கேற்றிய இடத்தில் நைலோன் உடையும் வேண்டா.

பெட்டியில் என்ன வைப்பது? கடையிற் கிடைக்கும் முழு வேடங்களைக் காட்டிலும் வெறுந் துணிகளே மேல். ஆறு யார்ச் சேலை பிள்ளையின் காலைத் தடுக்கும். அதிலிருந்து ஒன்றரை யார் வெட்டிக் கொடுத்தால் அதுவே சேலை, தலைப்பாகை, ஆறு, சிறகு. தந்தையின் பழைய சேட் ஒன்று, ஒரு சால்வை, ஒரு தொப்பி, உடைந்த கைப்பை, சிறு அகப்பை, கூர்மையில்லாத வெற்று டப்பாக்கள் என்பன போதும். ஒரு காலத்தில் பத்துப் பொருள்களுக்கு மேல் வேண்டா. மிகுதியை மேலே கட்டி வைத்து, மாதமொருமுறை மாற்றிக் கொடுத்தால் பழையதும் புதியதாகும், வீடும் நெரிசற்படாது.

எடுத்ததை மீண்டும் வைக்கும் பழக்கத்தையும் விளையாட்டாலேயே ஊட்டலாம். "அடுக்கி வை" என்று அதட்டுவதிலும், "கடை பூட்டும் நேரமாயிற்று, முதலாளி!" என்று சொல்வது விரைவிற் பலிக்கும். முதலாளி தானே கணக்குப் பார்த்துக் கடையைப் பூட்டுவார். அதற்கு நேரத்தைக் குறித்துக்கொள்ளுதலும் நன்று. மாலை ஆறு மணிக்குத் திரை விழுந்தால், அதன்பின் கூடம் அக்காளுக்கும் தந்தையாருக்கும் உரியது.

கடிதமெழுதிய அம்மையாருக்கு இறுதியாக ஒன்று. யார் பக்கம் நிற்பதென நீங்கள் தெரிவு செய்ய வேண்டியதில்லை. பலகையையும் முளைகளையும் உங்கள் கணவரையே அடிக்கச் சொல்லுங்கள்; பிள்ளை பக்கத்தில் நின்று ஆணி எடுத்துக் கொடுக்கட்டும். எறிந்த கையே இடம் கொடுத்ததென்று கண்டால், பிள்ளை தானாகவே பேசத் தொடங்குவான். பாட்டியாரிடம் ஒரு பழஞ்சேலைத் துண்டு கேட்டு வாங்குங்கள். முதல் நாடகத்தில் அவருக்கு முன்வரிசைக் கதிரையையும் ஒதுக்கி வையுங்கள்.