குற்றவாளி அருவியன்று

குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் கொண்டையைக் கருமேகத்தோடு ஒப்பிட்டார் திரிகூடராசப்பக் கவிராயர். கூந்தலைப் பாடியவர் பலர். சீப்பைப் பற்றிக் கவலைப்பட்டவர் யார்?

சாரல் காலத்தில் ஐந்தருவியில் குளித்துத் தென்காசிக்குத் திரும்பும் பெண்கள் சிலர், பேருந்திலேயே ஈரத்தலையை வாரத் தொடங்கிவிடுகிறார்கள். கையில் நெருக்கமான பற்கள் கொண்ட சிறு சீப்பு. முடி கொத்தாகக் கையோடு வந்ததும் "தண்ணி ஒத்துக்கலை" என்று பழி அருவியின்மேல் விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி சீப்பே என்பது என் கட்சி.

நனைந்த முடி நீரை உறிஞ்சி உப்பும், இழுத்தால் நீளும், வலுவும் குறையும். மெல்லிய முடி இன்னும் எளிதில் அறும். மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், 60 செ.மீ. கூந்தலின் நுனிக்கு வயது 5. நுனியே அதிகம் தேய்ந்த பகுதி.

இஸ்ரேலின் லாக்கீஷில் 2016-இல் கிடைத்த தந்தச் சீப்புக்கு வயது சுமார் 3,700 ஆண்டுகள். அதில் ஒருபுறம் சிக்கெடுக்க அகன்ற 6 பற்கள். மறுபுறம் பேனெடுக்க நெருங்கிய 14 பற்கள். நம் பழைய வீடுகளிலும் சிணுக்கோலி வேறு, ஈர்கொல்லி வேறு. நாம்தான் எல்லாவற்றுக்கும் ஒரே சீப்பை நீட்டுகிறோம்.

மரமா, பிளாஸ்டிக்கா என்பது இரண்டாவது கேள்வி. முதலில் பற்களின் இடைவெளியைப் பாருங்கள். முனை மழுங்கியிருக்கிறதா, விளிம்பில் பிசிறு நகத்தில் தட்டுகிறதா என்று தடவிப் பாருங்கள். தலை பாதி உலரட்டும். பிறகு நுனியில் தொடங்கி மெல்ல மேலேறுங்கள். ஐந்தாண்டு வளர்ந்ததை ஐந்து நிமிடத்தில் அறுப்பானேன்?