சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால்



இதை எழுதும் விரல்களின் நகத்திடுக்கில் கறுப்பு இன்னும் போகவில்லை. சீயக்காய், தேங்காய் எண்ணெய், பாத்திரம் தேய்க்கும் சோப்பு எல்லாம் பார்த்தாயிற்று. போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் காரின் முன்சக்கர பிரேக் பேடுகளை வீட்டு வாசலில் வைத்து நானே மாற்றினேன். வாழ்க்கையில் முதல் தடவை. அலுவலகத்தில் சொன்னதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "பிரேக்காச்சே மேடம், பயமா இல்லையா?"

பயப்படத்தான் வேண்டும். ஆனால் நாம் வழக்கமாகப் பயப்படும் இடம் வேறு, பயப்பட வேண்டிய இடம் வேறு. இந்த மாதம் அரசியலையும் இலக்கியத்தையும் ஓரமாக வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசலாம் என்று தோன்றியது.

சில வாரங்களாகவே பிரேக்கை மிதித்தால் முன்பக்கம் 'கீச்' என்று ஒரு சத்தம். அந்தக் கீச்சொலி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. பேடின் ஓரத்தில் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று இருக்கும். புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் கனம் உள்ள உராய்வுப் பகுதி தேய்ந்து தேய்ந்து 2, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும், அந்த நாக்கு சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைத் தொட்டுச் சத்தம் போட ஆரம்பிக்கும். அதையும் பாட்டை உரக்க வைத்து மறைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. கொஞ்ச நாளில் கீச்சொலி 'கர்ர்'ரென்று மாறும். அப்போது பேடின் முதுகிலுள்ள இரும்புத் தகடு டிஸ்க்கையே அரைக்கிறது என்று அர்த்தம். பேடு செலவோடு டிஸ்க் செலவும் சேர்ந்துவிடும்.

பேடு வாங்க ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். சென்னைவாசிகளுக்குத் தெரியும், அந்தத் தெருவில் கார் சாமான் கிடைக்காத கடை இருந்தால் அது டீக்கடைதான். கல்லாவில் இருந்தவர் தலை நிமிராமலே கேட்டார்: "வண்டி என்ன? எந்த வருஷம்? ஆர்.சி. இருக்கா? முன்பக்கம்தானே?" பதில் சொல்லச் சொல்ல மேசை மேல் பெட்டிகள் வந்து விழுந்தன. ஒன்று கார் கம்பெனியின் பெயர் போட்டது, இன்னொன்று விலை குறைந்தது. பில் போட்டுத் தருகிற கடையில், மூடிய பெட்டியாக, அஸ்பெஸ்டாஸ் இல்லாதது என்று பார்த்து வாங்குவது நல்லது. டூப்ளிகேட்டில் இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கிற இடம் இது அல்ல. இதே சென்னையில்தான், பாடியில், 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் இருக்கிறது. நாட்டின் பிரேக் சாமான்களில் கணிசமான பங்கு நம் ஊர்க்காரர்கள் கைபட்டது என்பது காரில் உட்கார்ந்திருக்கும்போது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே இருப்பது, சைக்கிளில் பிரேக் கட்டை மாற்றியவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சங்கதிதான். சுற்றும் ஒன்றை இரண்டு கட்டைகள் இரு பக்கமும் கவ்வுகின்றன. சைக்கிளில் ரிம், இங்கே டிஸ்க். அந்தக் கட்டைகளைப் பிடித்திருக்கும் கேலிப்பரின் கீழ் போல்ட்டை எடுத்துவிட்டால், எங்கள் வண்டியில், அது மேல்நோக்கித் திறந்துகொள்கிறது. பழைய பேடுகள் கையோடு வந்துவிடுகின்றன. கேலிப்பரை முழுதாகக் கழற்ற வேண்டிய வண்டியாக இருந்தால் அதை ரப்பர் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவைக்க வேண்டும். இதுவரை பயப்பட ஒன்றுமில்லை.

பயம் வேண்டிய முதல் இடம் இதற்கெல்லாம் முன்னால் வந்துவிடுகிறது: ஜாக்கி. வண்டியோடு கொடுக்கிற ஜாக்கி பஞ்சரான சக்கரத்தை மாற்றுவதற்காகச் செய்தது. அதை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே உடம்பில் எந்தப் பகுதியையும் நீட்டக் கூடாது. சமதரை, முதல் கியர், ஹேண்ட்பிரேக், பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை. செங்கல் வேண்டாம், அது நொறுங்கும். தூக்கிய பிறகு ஜாக்கி ஸ்டாண்டு ஒன்றை முட்டுக்கொடுத்து, கழற்றிய சக்கரத்தையும் வண்டியின் அடியில் படுக்கப்போட்டுவிட வேண்டும். ஒருவேளை சரிந்தாலும் வண்டி சக்கரத்தின் மேல் உட்காரும். டார்ச் பிடிக்க வந்த என் மகள், "ம்மா, இவ்ளோ பில்டப்பா?" என்றாள். ஆமாம், இவ்வளவும்தான்.

ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும் என்பதால் முன்பக்கத்தைத் தூக்கும்போது அது துணைக்கு இருக்கிறது. பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தத் துணை இல்லை. இப்படி ஒரு சின்ன விஷயத்தை இத்தனை வருஷம் வண்டி ஓட்டியும் யோசித்ததில்லை.

இனி எனக்கு மிகவும் பிடித்த கட்டம். புதிய பேடுகள் கனமானவை, கேலிப்பருக்குள் இடம் போதாது. பேடை அழுத்துவதற்காக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை அதன் மேல் வைத்து, சி-கிளாம்பால் மெல்ல மெல்லத் திருகினேன். பிஸ்டன் ஒரு முனகலும் இல்லாமல் உள்ளே போயிற்று. அது ஏன் இத்தனை நாள் அவ்வளவு சரியான தூரத்தில் நின்றது என்பதற்குக் காரணம், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுரக் குறுக்குவெட்டுள்ள ஒரு ரப்பர் வளையம். மிதிக்கும்போது பிஸ்டன் முன்னே நகர, வளையம் அதைப் பற்றிக்கொண்டே கொஞ்சம் சாயும். காலை எடுத்ததும் நிமிரும். நிமிரும்போது பிஸ்டனை இம்மியளவு பின்னுக்கு இழுக்கும். பேடு தேய்ந்து தூரம் கூடிவிட்டால் பிஸ்டன் வளையத்துக்குள் சற்று வழுக்கி, புதிய இடத்தில் நிற்கும். திருகோ ஸ்பிரிங்கோ எலெக்ட்ரானிக்ஸோ எதுவும் கிடையாது. சில ரூபாய் ரப்பர்தான் தினமும் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே தூரத்தை அளந்து வைக்கிறது. இதைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

பேடு தேயத் தேய பிஸ்டன் வெளியே வருவதால், பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் மட்டமும் மெல்ல இறங்கும். மட்டம் குறைந்ததே என்று யாராவது நடுவில் ஊற்றி நிரப்பியிருந்தால், இப்போது பிஸ்டனைத் தள்ளும்போது டப்பா வழியும். அந்த ஆயில் பெயிண்டை உரித்துவிடும். பட்டால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மட்டம் இறங்கினால் ஊற்றுவதற்கு முன் பேடைப் பார்ப்பதுதான் முறை.

உள்ளே படிந்திருந்த கறுப்புத் தூளை வாயால் ஊதவே கூடாது. இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இங்கிலாந்தின் மலைச்சரிவுகளில் வண்டிக்காரர்கள் சக்கரத்தை அழுத்தி வேகம் குறைக்கப் பழைய பூட்ஸைப் பயன்படுத்தியதைப் பார்த்துத்தான் ஹெர்பர்ட் ஃப்ரூடுக்குப் பிரேக் லைனிங் யோசனை வந்தது என்பார்கள். 1897இல் தொழிலைத் தொடங்கினார். தன் பிரேக் லைனிங்குக்கு அவர் வைத்த ஃபெரோடோ என்ற பெயரே அவருடைய பெயரின் எழுத்துகளை மாற்றி அடுக்கி, கூடவே ஓர் எழுத்து சேர்த்து வைத்ததுதான். பிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியபோது பேடு செம்பால் ஆனது. அது எழுப்பிய கிறீச்சொலியை யாராலும் தாங்க முடியவில்லை. சூடு தாங்கும், சத்தம் போடாது என்று அஸ்பெஸ்டாஸ் உள்ளே வந்தது. அதன் இழை நுரையீரலுக்கு என்ன செய்யும் என்பதற்குப் பல தலைமுறை மெக்கானிக்குகள் விலை கொடுத்தார்கள். அதனால் முகக்கவசம் போட்டு, அந்தத் தூளை பிரேக் கிளீனர் அடித்தோ ஈரத்துணியாலோ துடைத்தால் போதும்.

எவ்வளவு பெரிய வேலையை இந்தக் கையகல வில்லைகள் செய்கின்றன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும்போது அதன் இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட இரண்டரை லட்சம் ஜூல். அவ்வளவும் சில விநாடிகளில் சூடாக மாற வேண்டும். முக்கால் லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர அது தாராளம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பிரேக்கிலேயே காலை வைத்திருந்தால் இது திரும்பத் திரும்ப நடக்கிறது. அந்தச் சூடு எட்டுகிற பிரேக் ஆயிலோ காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பே 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் நீராவிக் குமிழி, மிதித்தால் பெடல் பொத்தென்று இறங்கும். இரண்டாவது கியரில் இறங்கச் சொல்லி மலையில் போர்டு வைத்திருப்பது இதற்காகத்தான். ஆயிலை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வதும் இதற்காகத்தான்.

பயம் வேண்டிய இரண்டாவது இடம் கடைசியில் வருகிறது. எல்லாம் பூட்டி, நட்டுகளை எதிரெதிராக முடுக்கி, வண்டியை இறக்கியாயிற்று. இப்போது சாவியைத் திருகிக் கிளம்பினால் முதல் மிதிக்குப் பிரேக் பிடிக்காது. பிஸ்டனை நாம்தான் உள்ளே தள்ளிவைத்திருக்கிறோம். பேடுக்கும் அதற்கும் நடுவே இடைவெளி. நின்ற இடத்திலேயே பெடலை மெல்ல மெல்ல மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் தரை வரை போகும், பிறகு மேலே மேலே வந்து கல்லாக நிற்கும். அதன் பிறகுதான் வாசலைத் தாண்ட வேண்டும். பெடல் கெட்டிப்படவே இல்லை என்றால் வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

அப்புறம் ஆளில்லாத சாலையில் கொஞ்சம் வேகம் எடுத்து, நிற்காத அளவுக்குப் பிரேக் பிடித்து, ஆறவிட்டு, மறுபடியும். புது பேடும் பழைய டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழகும் வரை இப்படி. முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்கு முன்னால் போகிறவரிடம் கூடுதல் இடைவெளி விடுவதும் நல்லது.

எல்லா வண்டியிலும் இதைச் செய்ய முடியாது. பட்டனில் இயங்கும் ஹேண்ட்பிரேக் உள்ள பல கார்களில் பின்பக்கத்தைத் தொட ஸ்கேனர் வேண்டும். சிறிய கார்களின் பின் டிரம் ஸ்பிரிங்குகளோடு மல்லுக்கட்டுகிற வயது எனக்கும் இல்லை. அது எங்கள் தெருமுனை மெக்கானிக்குக்கே. பேடு மாற்றிய கதையைச் சொன்னதும் அவர் வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "கேலிப்பர் கைடு பின்னுக்கு கிரீஸ் போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். போட்டிருந்தேன். தலையாட்டிவிட்டு டீ கேட்டார்.

வீட்டில் நீங்களே முதன்முதலாகப் பிரித்துப் பூட்டியது எது? மிக்ஸியோ, மோட்டாரோ, தையல் மிஷினோ, எதுவானாலும் எழுதுங்கள். பிரித்து வைத்திருக்கும்போது எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்