கணக்கு எல்லார் கண்ணிலும் படட்டும்!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

தனிமரம் தோப்பாகாது என்பது நம் முன்னோர் வாக்கு. செயற்கைக்கோள் செலுத்துவது முதல் கல்லூரி விழாவுக்குப் பந்தல் போடுவது வரை, இன்று எல்லாம் குழு வேலையே. குழு என்று வந்துவிட்டால் மூன்று கேள்விகள் கூடவே வரும். என்ன வேலை? யார் செய்வது? எப்போது முடியும்? இந்த மூன்றுக்கும் விடை எழுதி வைக்கும் இடம் எதுவோ, அதுவே அந்தக் குழுவின் உயிர்நாடி.

நம் மாணவர் குழுக்களில் அந்த இடத்தைப் பிடித்திருப்பது எக்செல் தாள். ஒருவர் தயாரிப்பார், வாட்ஸ்அப்பில் அனுப்புவார், மற்றவர் திருத்தித் திருப்பி அனுப்புவார். இந்த முறையை விட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் பார்க்கவும் எழுதவும் கூடிய இணையப் பொதுப் பலகைக்கு நாம் மாற வேண்டும் என்பது என் கருத்து. இது வசதிக்கான கோரிக்கை மட்டும் அன்று, நியாயத்துக்கான கோரிக்கை.

ஒருவருக்காகப் பிறந்த தாள்

விரிதாள் என்று நாம் தமிழில் அழைக்கும் இக்கருவி, 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'விசிகால்க்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. டான் பிரிக்ளின், பாப் ஃப்ராங்ஸ்டன் என்னும் இருவர் அதை உருவாக்கினர். ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு மனிதர் என்பதே அதன் உலகம். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த மற்ற எண்களெல்லாம் தாமே மாறிக்கொள்ளும். இந்த விந்தையால் அது உலகத்தையே வென்றது. கணக்குப் போடும் வேலைக்கு இன்றும் அது சிறந்த கருவிதான். ஆனால், பலர் கூடிச் செய்யும் வேலையின் நடப்பைக் குறித்து வைக்கவென்று அது படைக்கப்படவில்லை.

வியப்பு என்னவென்றால், கூட்டுப்பணிக் கனவு விரிதாளுக்கும் மூத்தது. 1968 டிசம்பர் 9 அன்று டக்ளஸ் எங்கல்பார்ட் என்னும் பொறியாளர் சான் பிரான்சிஸ்கோ நகரில் ஒரு மேடையில் அமர்ந்துகொண்டு, சுமார் 30 மைல் தொலைவில் இருந்த தம் கூட்டாளியுடன் ஒரே திரையில் ஒரே ஆவணத்தின்மீது பணிபுரிந்து காட்டினார். அன்று அது அதிசயம். இன்று அந்த வசதி நம் சட்டைப்பையில் இருக்கிறது. நாமோ ஒரே கோப்பை ஆறு பிரதிகளாக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறோம்!

ஆறு மாணவர்கள் சேர்ந்து வளாகத்து மரங்களைக் கணக்கெடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம் 'மரக்கணக்கு' என்றொரு கோப்பு. இரண்டாம் வாரம் 'மரக்கணக்கு புதியது'. பிறகு 'மரக்கணக்கு இறுதி'. அதற்கும் பிறகு 'மரக்கணக்கு உண்மையான இறுதி'. வெயிலில் நின்று நாற்பது வேப்பமரங்களின் சுற்றளவை அளந்து ஒரு மாணவி எழுதிய எண்கள், வேறொருவர் தம்மிடமிருந்த பழைய பிரதியில் திருத்தி அதையே இறுதி என்று அனுப்பும்போது சுவடின்றி மறைந்துபோகின்றன. வாய்மொழித் தேர்வில் "நீ என்னம்மா செய்தாய்?" என்று கேட்டால், அவளுக்காகச் சாட்சி சொல்ல அந்தத் தாளுக்கு வாயில்லை.

உலகம் கற்ற பாடங்கள்

மாணவர் குழுவுக்கு நேர்வது பேரரசுகளுக்கும் நேர்ந்திருக்கிறது. 2020-இல் கொரோனா பரவியபோது, இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்பில் ஏற்றியது. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. மிஞ்சியவை ஓசையின்றி உதிர்ந்தன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 நோயாளிகளின் விவரம் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணியும் அதனால் தாமதமானது.

மற்றொன்று நம் போன்ற மாணவர்கள் மகிழத்தக்கது. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் புகழ்பெற்ற பொருளியல் அறிஞர்கள் 2010-இல் அரசுகளின் கடனைப் பற்றி ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். பல நாடுகளில் செலவைக் குறைக்கச் சொன்னவர்கள் அதை ஆதாரமாகக் காட்டினர். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தார், விடை ஒத்துவரவில்லை. ஆசிரியர்களிடமே கேட்டு அவர்களுடைய விரிதாளைப் பெற்றார். சராசரி எடுத்த சூத்திரத்தில் 20 நாடுகளுக்குப் பதில் 15 நாடுகளே இருந்தன! 2013-இல் இது வெளியானபோது அறிஞர்கள் இருவரும் அந்தப் பிழையை ஒப்புக்கொண்டனர். ஆய்வின் மையக் கருத்தை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அறிஞர்கள் திறமையற்றவர்கள் அல்லர். கணக்கு மூடியிருந்தவரை பிழை வாழ்ந்தது. இன்னொருவர் கண்ணில் பட்டதும் வெளிப்பட்டது. அவ்வளவுதான்.

பலகை செய்யும் உதவி

ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்த முறைக்குக் 'கான்பான்' என்று பெயர். பலகை, அறிவிப்பு அட்டை என்பது அதன் பொருள். எந்தப் பாகம், எவ்வளவு, எப்போது தேவை என்பதை அட்டைகளே அறிவிக்கும். இன்றைய இணையப் பலகைகள் அந்த மரபில் வந்தவை. 2011-இல் வந்த ட்ரெல்லோ அத்தகையது. நம் சென்னையில் வளர்ந்த சோஹோ நிறுவனமும் இத்தகைய கருவிகளைத் தருகிறது.

அமைப்பு எளியது. 'செய்ய வேண்டியது', 'நடப்பது', 'முடிந்தது' என மூன்று பத்திகள். ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. அட்டையில் பொறுப்பேற்றவர் பெயரும் முடிக்க வேண்டிய நாளும். வேலை நகர நகர அட்டையும் நகரும். யார், எப்போது, எதை மாற்றினார் என்பது தானாகப் பதிவாகும். பிரதி ஒன்றே ஆகையால், எது இறுதி என்ற வழக்கே எழாது. கணக்குப் போட வேண்டிய இடத்தில் விரிதாளையே அட்டையோடு இணைத்துக்கொள்ளலாம்.

சட்டைப்பையில் இருக்கும் நோட்டு

என் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை கட்டட வேலை செய்பவர். மேஸ்திரியின் சட்டைப்பையில் ஒரு சிறிய நோட்டு இருக்கும். யார் எத்தனை நாள் வந்தார், யாருக்கு முழு நாள், யாருக்கு அரை நாள் என்பதெல்லாம் அதில்தான். சனிக்கிழமை மாலை அந்த நோட்டு சொல்வதே கூலி. எல்லா மேஸ்திரியும் ஏமாற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நோட்டு ஒருவர் பையில் இருக்கும்வரை மற்றவர்கள் நம்பத்தான் முடியும், சரிபார்க்க முடியாது.

குழுத் தலைவரின் மடிக்கணினியில் மட்டும் இருக்கும் எக்செல் தாளும் அந்த நோட்டைப் போன்றதே. கருவி உள்ளவர் கணக்குக்கு உரியவர் ஆகிறார். கருவி இல்லாதவர் பெயர்ப்பட்டியலில் கடைசி வரி ஆகிறார். பேசத் தயங்குகிற மாணவிக்கும், கடைசிப் பேருந்துக்கு ஓட வேண்டிய மாணவனுக்கும், அவர்கள் உழைப்பு எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் எழுதப்பட்டிருப்பதே பாதுகாப்பு.

தடைகள் இல்லையா?

உண்டு. எல்லாரிடமும் மடிக்கணினி இல்லை என்பர். உண்மைதான், அதனாலேயே பலகை வேண்டும் என்கிறேன். இருபது பத்திகள் கொண்ட தாளைக் கைப்பேசியில் இழுத்து இழுத்துப் படிப்பதைவிட ஓர் அட்டையைத் திறப்பது எளிது. சிற்றூர்களில் சிக்னல் கிடைக்காது என்பர். அவர்களுக்காகக் கல்லூரிக் கணினிக்கூடம் மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் திறந்திருக்கட்டும்.

ஒவ்வோர் அசைவும் பதிவானால் அது கண்காணிப்பு ஆகாதா? நியாயமான அச்சம். பதிவு என்பது வேலையைப் பார்க்க. ஆளை வேவு பார்க்க அன்று. யார் எத்தனை முறை எழுதினார் என்று எண்ணி மதிப்பெண் போடும் நிலை வந்துவிடக் கூடாது. நம் தகவல் வெளியார் கணினியில் இருக்கிறதே என்பதும் சரியே. ஆகவே ஆதார் எண், தொலைபேசி எண் போன்றவற்றைப் பலகையில் எழுதலாகாது; மாதம் ஒருமுறை பிரதி எடுத்துத் துறையில் வைக்க வேண்டும்.

செய்ய வேண்டியது

வரும் பருவத்தில் ஒவ்வொரு துறையிலும் ஒரே ஒரு குழு இதைச் செய்து பார்க்கட்டும். ஒரு மணி நேரப் பயிற்சி போதும். பலகையில் இல்லாத வேலை வேலையாகாது. அடுத்தவர் அட்டையைக் கேளாமல் மாற்றலாகாது. தலைவருக்குள்ள எழுதும் உரிமை எல்லார்க்கும் உண்டு. இந்த மூன்று விதிகளை முதல் நாளே வகுத்துக்கொள்ளட்டும். கருவி மாறியதால் மட்டும் சோம்பல் போய்விடாது. ஆனால் உழைத்தவர் உழைப்பு மறையாது.

ஊர் கூடித் தேர் இழுக்கிறோம். வடம் பிடித்த கை ஒவ்வொன்றும் ஊரார் கண்ணில் படட்டும். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டட்டும். மாணவத் தோழர்கள் முன்வரட்டும்!