அண்ணனா, தம்பியா?
"அண்ணன் இந்நேரம் ஆஃபர் வாங்கிட்டானே, உனக்கு?" பிளேஸ்மென்ட் சீசனில் இதைக் கேட்காத சொந்தக்காரர் உங்களுக்கு உண்டா? இல்லையென்றால், உக்ரைனின் கிளிட்ச்கோ சகோதரர்களைப் பற்றிப் படியுங்கள்.

ரெண்டு பேரும் ஹெவிவெயிட் உலக சாம்பியன்கள். தம்பி விளாடிமிர் 1996 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். தொழில்முறைக் குத்துச்சண்டையில் 69 போட்டி, 64 வெற்றி. அண்ணன் விட்டாலிக்கு 47 போட்டி, 45 வெற்றி. கேரியரைப் பார்த்தால் தம்பிதான் டாப். ஆனால் தம்பி பலமுறை கீழே விழுந்திருக்கிறார். தொழில்முறைப் போட்டிகளில் அண்ணனை யாரும் ஒருமுறைகூட விழவைத்ததில்லை. அவர் தோற்ற இரண்டுமே காயத்தால் முடிந்தவை. திறமைக்கு என் ஓட்டு அண்ணனுக்கே.

ஆனா எனக்குப் பிடிச்சது வேற. 2000-இல் அண்ணன் கிறிஸ் பேர்டிடம் இழந்த பட்டத்தை, அதே வருஷம் பேர்டை ஜெயித்து தம்பி மீட்டார். 2003-இல் தம்பியைச் சாய்த்த கோரி சாண்டர்ஸை, 2004-இல் அண்ணன் சாய்த்தார். இருவரும் கடைசிவரை ஒருவரோடு ஒருவர் மோதவே இல்லை. அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அது.

ஒப்பிடுறது தப்பில்ல. ஒப்பிட்டுட்டு ரெண்டு பேரையும் மோதவிடுறதுதான் தப்பு. எனக்கு இன்னும் ஆஃபர் வரல. நேத்து ராத்திரி ஒரு மணி வரைக்கும் என் ரெஸ்யூமைத் திருத்தினது யார் தெரியுமா? அண்ணன்தான்.